சிறுநீரகம் கொடுத்தவர்களுக்கும் ஓ.பி. சீட்டு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கி விற்ற விவகாரம் 2025 ஜூலையில் வெளியே வந்ததிலிருந்து, தங்கள் நாளிதழில் வரும் ஒவ்வொரு செய்தியையும் படித்து வருகிறேன். புரோக்கர்கள் எப்படி வேலை செய்தார்கள், போலி ஆவணங்கள் எப்படித் தயாராகின, எந்த மருத்துவமனைகளின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது வரை எல்லாம் வந்தது. வரவேண்டியதுதான். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் தறி ஓட்டப் போய்விட்டவரை இன்று எந்த மருத்துவர் பார்க்கிறார்?

நான் ஓய்வுபெற்ற செவிலியர். முதலில் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்த்தேன். பிறகு அரசுப் பணி கிடைத்து, டயாலிசிஸ் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது குமாரபாளையத்தில் தறிப்பட்டறைகளுக்கு நடுவில் குடியிருக்கிறேன். சிறுநீரகம் வேண்டித் தவிப்பவர்களையும் தெரியும், அதைக் கொடுத்தவர்களையும் தெரியும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீதியில் ஒரு பெண் இருக்கிறார். வயது நாற்பதுக்குள்தான். லைன் வீட்டில் குடியிருப்பு. கணவனும் மனைவியும் ஒரே பட்டறையில் ஷிப்ட் மாற்றி ஓட்டுகிறார்கள். ஒரு நாள் வாசலில் நின்று, “சிஸ்டர், வலி மாத்திரை இருந்தா ஒண்ணு குடுங்க, இடுப்பு புடிச்சுக்குதுங்க” என்றார். எங்கே வலி என்று பார்ப்பதற்காகச் சேலையை விலக்கச் சொன்னேன். இடது விலாவுக்குக் கீழே தொடங்கி முன்வயிறு வரை நீண்ட தழும்பு. நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எத்தனை நாளாக மாத்திரை போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். தறியில் நிற்கிற நாளெல்லாம் போடுவதாகச் சொன்னார். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் கொடுக்கிறார்களாம்.

அந்த மாத்திரையை அடிக்கடி போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போட்டால் கெடுதல் இன்னும் அதிகம். தறிப்பட்டறையில் தண்ணீர் குடிப்பது எப்படி என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இருக்காது, அதனால் குடிக்கவே மாட்டார்கள். மேலே தகரக் கூரை, உள்ளே தறிகளின் சூடு, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. இரண்டு சிறுநீரகம் உள்ளவர்களுக்கே இது ஆகாது. ஒன்றை வைத்துக்கொண்டு இவர் தினமும் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்த இடத்தில் இதைச் சொல்லவில்லையா என்றதற்கு, “தையல் பிரிச்சதும் அனுப்பிட்டாங்க, மறுபடி இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னாங்க” என்றார்.

சிறுநீரகம் கொடுத்தவரின் உடம்பு நன்றாகவே இருக்கும், பயம் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது பொய்யில்லை. நல்ல ஆரோக்கியம் உள்ளவரைத் தேர்ந்தெடுத்து, முறையாகப் பரிசோதித்து, ஒன்றை எடுத்தால் மீதி இருப்பது கொஞ்சம் பெருத்து இரண்டின் வேலையையும் ஏறக்குறைய பார்த்துக்கொள்ளும். மகனுக்குக் கொடுத்துவிட்டு எழுபது வயதிலும் தெம்பாக நடமாடும் அம்மாக்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சுக்கெல்லாம் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு), சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். சர்க்கரை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். இளம்பெண்ணாக இருந்து பிறகு கர்ப்பமானால், ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று மகப்பேறு மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்றவர் இதில் எதையும் செய்துகொள்ள முடியாது. ஏனென்றால் விற்றதைச் சொன்னால் அவர் குற்றவாளி.

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் பணம் கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. 2011-இல் திருத்திய பிறகு, தண்டனை ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறை, 20 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். புரோக்கருக்கும் மருத்துவமனைக்கும் அது சரி, இன்னும் கூட்டினாலும் சரி. வாரத் தவணை கட்ட வழியில்லாமல் விலாவை அறுக்கக் கொடுத்த தறிக்காரருக்கும் அதே பிரிவுதான். அதனால் என்ன நடக்கிறது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் தழும்பைப் பார்த்து டாக்டர் கேட்டால், “கல்லு அடைப்புக்கு ஆபரேஷன் பண்ணினதுங்க” என்கிறார்கள். அவரும் அதை எழுதிக்கொண்டு, வழக்கம்போல வலிக்கு ஊசி போட்டு அனுப்புகிறார். மருத்துவரிடம் பொய் சொன்னால்தான் பிழைக்க முடியும் என்ற நிலைக்கு ஒரு நோயாளியைத் தள்ளிவிட்டு, அப்புறம் நாம் மருத்துவ அறம் பற்றிப் பேசுகிறோம்.

இந்த நோய் புதியதும் இல்லை. 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. அதுவரை அடுத்தவர் உறுப்பை உடம்பு ஏற்காமல் தள்ளிவிடும், அதனால் பெரும்பாலும் சொந்தத்தில்தான் தேடினார்கள். இந்த மருந்துக்குப் பிறகு முன்பின் தெரியாதவரின் சிறுநீரகமும் நிலைத்தது. அறிவியலுக்கு அது பெரிய வெற்றி. அந்த வெற்றி வந்த கையோடு சென்னையிலும் மும்பையிலும் சந்தையும் வந்துவிட்டது. சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் விழுந்தது அந்தக் காலத்தில்தான். 1994-இல் சட்டம் வந்தது. 2007-இல் வடசென்னையின் எர்ணாவூரில் சுனாமியால் வீடிழந்து தங்கவைக்கப்பட்ட பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் விற்றிருந்தது வெளியே தெரிந்தது. 2025-இல் பள்ளிபாளையம். மீன்பிடிப்பவர்கள் இருந்த இடத்தில் இப்போது தறி ஓட்டுபவர்கள், கந்துவட்டி இருந்த இடத்தில் இப்போது குழுக்கடனும் சேர்ந்திருக்கிறது.

சட்டத்தில் ஓட்டை எங்கே என்றால், ரத்த உறவு இல்லாதவரும் ‘அன்பின் காரணமாக’ கொடுக்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழி தேவைதான். உயிருக்குயிரான நண்பர்கள் உண்டு. அதற்காக அனுமதிக் குழு ஒன்று அமைத்து, 2014 விதிகளில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் எப்படிப் பழக்கம், சேர்ந்து எடுத்த பழைய படங்கள் உண்டா, மூன்று ஆண்டு வருமானச் சான்று, இருவர் வசதியிலும் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டா, இடையில் தரகர் உண்டா, கொடுப்பவரின் வீட்டாருக்குத் தெரியுமா என்று எல்லாம் கேட்டு, அதை வீடியோவும் எடுக்க வேண்டும். படித்தால் இதைத் தாண்டி யாரும் வர முடியாது என்றுதான் தோன்றும்.

வருகிறார்கள். கோவையில் இருந்தபோது குழுவின் முன்னால் போகக் காத்திருப்பவர்களோடு வராண்டாவில் நிற்கும் வேலை எனக்கு வாய்த்திருக்கிறது. புதுச் சேலை, புதுச் சட்டை, கையில் ஒரு ஃபைல். “அவங்க எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், கஷ்டத்துல எங்களுக்கு எவ்வளவோ பண்ணியிருக்காங்க, அதான் மனசாரக் குடுக்கறேன்” என்று உதடு அசைய ஒரு அம்மா தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்குக் கொடுக்கிறாரோ அவருடைய ஊர் எது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, திரும்பித் தன்னை அழைத்து வந்த ஆளைப் பார்த்தார். நான் பிரிவு மருத்துவரிடம் சொன்னேன். அவர் நல்லவர், அந்தக் கோப்பை நிறுத்தினார். உள்ளே குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தாள்தான் தெரியும், தாளில் எல்லாம் சரியாக இருக்கும். அந்தப் பெண்ணின் வீதியில் யார் கடன் கொடுக்கிறார்கள், எந்தக் கிழமை வசூலுக்கு வருகிறார்கள் என்று அறிந்த ஒருவர், ஒரு கிராம சுகாதாரச் செவிலியரோ பள்ளி ஆசிரியையோ, அந்த அறையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் சில படித்த நண்பர்கள் என்னிடம் வேறு மாதிரி வாதம் செய்கிறார்கள். “மேடம், அவருக்குப் பணம் வேண்டும், இவருக்கு உயிர் வேண்டும். இருவரும் விரும்பிச் செய்வதை நாம் ஏன் தடுக்க வேண்டும்? ஈரானில் அரசே முறைப்படுத்தி நடத்துகிறதே, இங்கேயும் அப்படிச் செய்தால் புரோக்கர் ஒழிவானே” என்கிறார்கள். ஈரானில் 1988 முதல் அப்படி ஒரு ஏற்பாடு இருப்பது உண்மைதான். இந்த வாதத்தைச் சும்மா ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வராது, ஏனென்றால் டயாலிசிஸ் கட்டிலின் பக்கத்தில் நின்றவள் நான். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல ரத்தம் ஓடுவது தெரியும். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு. கோடைக்காலத்தில் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அது கரைந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டிருந்த இளைஞரைப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை வந்தவர் வியாழக்கிழமை வரமாட்டார், கட்டில் காலியாக இருக்கும். அவர் வீட்டார் எங்கிருந்தாவது ஒரு சிறுநீரகம் கிடைக்காதா என்று அலைந்ததை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனாலும் விற்பனை கூடாது என்கிறேன். விற்றவர்களிடமே கேட்ட ஆய்வு ஒன்று நம் சென்னையில்தான் நடந்தது, 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் விசாரித்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். விசாரித்தபோது அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னமும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்னைவிட மோசம் என்றார்கள். இன்னொருவர் வந்து யோசனை கேட்டால் விற்காதே என்றுதான் சொல்வோம் என்றவர்கள் 79 சதவீதம். அந்தக் கணக்கை நான் என் வீதியில் தினமும் பார்க்கிறேன். தறி ஓட்டுபவரின் முதலே உடம்புதான். பாவு நூல் பிணைக்கக் குனிய முடியாமல், நூல் சுற்றிய பீம் தூக்க முடியாமல் போனால் கூலி குறையும். பழைய பட்டறையில் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவது கடினம். ஒரு ஊரில் சிறுநீரகத்துக்கு விலை உண்டு என்று ஆகிவிட்டால், விற்றவருக்கு மட்டும் அது நேர்வதில்லை. விற்காதவருக்கும் நேர்கிறது. தவணை தவறிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு வசூலுக்கு வந்தவர், “அடுத்த வீட்டுக்காரி வித்துக் கட்டலையா? உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன். பிள்ளைகள் வாசலில் படித்துக்கொண்டிருந்தன. நகை, பாத்திரம், வண்டி என்று அவர் மனதுக்குள் போடும் கணக்கில் அந்தப் பெண்ணின் சிறுநீரகமும் சேர்ந்துவிட்டது. அவர் கொடுத்த கடனே அதை நம்பித்தானோ என்று நான் சந்தேகப்படுகிறேன். விற்க முடியாத ஒன்றாக அது இருந்தவரை அந்தப் பெண் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஏன் விற்கவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அரசே கவுன்ட்டர் திறந்து, ரசீது கொடுத்து, நியாயமான விலை போட்டு வாங்கினாலும் இந்தக் கேள்வி அந்த வாசலுக்கு வரும். இன்னும் சத்தமாக வரும்.

விருப்பம் என்ற விஷயம் சொந்தக் குடும்பத்துக்குள்ளும் அவ்வளவு எளிதில்லை. உயிரோடு இருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பவர்களில் நம் நாட்டில் பெண்களே மிக அதிகம். அம்மா கொடுக்கிறார், மனைவி கொடுக்கிறார், மனைவிக்குக் கணவர் கொடுப்பது அபூர்வம். மருமகளிடம் கேட்காமலேயே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிவந்த மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எங்கள் மருத்துவர் ஒரு காரியம் செய்வார். அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துப் பேசுவார். அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தால், வெளியே வந்து “இவர் உடம்பு தானத்துக்கு ஏற்றதில்லை” என்று குடும்பத்திடம் சொல்லிவிடுவார். மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க முடியாது. அந்தத் தனி அறைப் பேச்சு ஒவ்வொரு தானத்திலும் கட்டாயம் நடக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். புரோக்கர் அழைத்து வரும் பெண்ணுக்கும் அதே அறைதான் வாய் திறக்க இடம் கொடுக்கும்.

பன்றிச் சிறுநீரகம் வரப்போகிறது, அப்புறம் இந்தப் பிரச்சினையே இருக்காது என்றும் சிலர் சொல்கிறார்கள். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகத்தை உயிரோடு உள்ள ஒருவருக்கு முதன்முதலாகப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதத்துக்குள் காலமானார், அந்த மாற்று அறுவையால்தான் இறந்தார் என்பதற்கு அறிகுறி இல்லை என்று மருத்துவமனை சொன்னது. அந்த ஆராய்ச்சி நன்றாக வளரட்டும். பள்ளிபாளையத்துக்கு அது எப்போது வரும், என்ன விலையில் வரும் என்று நினைத்தால் எனக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை.

நம் கையிலேயே இருக்கும் வழி மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதானம். 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே கலங்கியது, பல குடும்பங்கள் அதைப் பார்த்து முன்வந்தன. 2023 செப்டம்பரில், உறுப்புதானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒரு தறிக்காரரின் உடலுக்கு மாவட்ட அதிகாரிகள் மலர்வளையம் வைப்பதைப் பார்த்து வீதியே கையெடுத்துக் கும்பிடுகிறது. இறந்த பின் கொடுத்தவருக்கு இவ்வளவு மரியாதை. மனதார ஒப்புக்கொள்கிறேன். உயிரோடு கொடுத்துவிட்டு உடம்பு முடியாமல் கிடப்பவருக்கு ஓர் ஓ.பி. சீட்டுகூட இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வீதிக்கும் வருகிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். அவர்கள் பையில் சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டையும் இருக்கட்டும். ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவர்களுக்கு, அது எப்படிப் போனது என்று கேட்காமல், ஒரு தனி அட்டை போடுங்கள். நோய் கண்டு எடுத்ததோ, தானம் கொடுத்ததோ, விற்றதோ, பிறவியிலேயே ஒன்றோ, அட்டையில் அந்தக் காரணம் எழுதும் இடமே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பாருங்கள். வலி மாத்திரை கூடாது என்று அட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், மருந்துக்கடைக்காரருக்கும் தெரியட்டும். அந்த அட்டை காவல்துறைக்குப் போகாது என்று அரசாணையிலேயே சொல்லுங்கள். விற்றவரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்துச் சாட்சியாக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் வரவேண்டும், அதற்குக் காலம் ஆகும். அட்டைக்குக் காலம் ஆகாது, மாவட்ட அளவிலேயே தொடங்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தழும்பைக் காட்டி நிற்கும் பெண்களின் படத்தை முகம் தெரியும்படி தயவுசெய்து போடாதீர்கள். பத்திரிகையில் படம் வந்தால், பெண் பார்க்க வருபவர்கள் வரைக்கும் அந்த வீட்டைக் காட்டிப் பேசுவார்கள். மகளுக்கு வரும் வரன் நின்றுபோகும். செய்தியைப் போடுங்கள், புரோக்கர் படத்தைப் போடுங்கள். அவர்கள் முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் சொன்ன அந்தப் பெண்ணை ஒருவழியாகச் சம்மதிக்கவைத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கிரியாட்டினின் 1.6 என்று வந்தது. அவர் வயதுக்கும் உடம்புக்கும் அது அதிகம். இப்போது வலி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லியிருக்கிறார்கள், வருகிற அன்று அவருக்குக் கூலி கிடையாது. கேஸ் ஷீட்டில் பழைய அறுவைசிகிச்சை என்ற இடத்தில் கல் அடைப்பு என்றுதான் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.

(என் பெயர் வெளிவந்தால் எங்கள் வீதியில் யார் அந்தப் பெண் என்று தெரிந்துவிடும் என்பதால், பெயரைத் தவிர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.)